ஃபார்ச்சூனரை 2 இன்ச் தூக்கலாமா, ஷாக் மட்டும் மாற்றினால் போதுமா?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2017 ஃபார்ச்சூனர் 2.8, ஃபோர் வீல் டிரைவ், மேனுவல். செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, இப்போது 1,42,000 கி.மீ. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் வண்டியோடு வந்ததுதான், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

வாரத்தில் இரண்டு நாள் ஓசூர் போய் வருவேன், மற்ற நாளெல்லாம் தோப்பும் வீடும்தான். தோப்புக்குப் போகிற தடத்தில் ஓடையைத் தாண்டினதும் ஒரு பாறை முதுகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. பெங்களூரா மாம்பழ சீசனில் பின் சீட்டை மடித்துப் போட்டுப் பன்னிரண்டு கிரேட் ஏற்றி, அப்பாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கீழே 'டங்' என்று ஒரு சத்தம், அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். ரோட்டிலும் நன்றாக இல்லை. ஸ்பீடு பிரேக்கர் தாண்டினால் பின்பக்கம் பரிசல் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடித்தான் அடங்குகிறது. போன மாதம் வத்தல்மலை போனபோது அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

பெங்களூரில் ஒரு கடையில் நாலு ஷாக், நாலு ஸ்பிரிங், 2 இன்ச் லிஃப்ட், எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள். இங்கே பக்கத்தில் ஒருவர் 12 ஆயிரம் கொடுங்கள், ஸ்பேசர் என்று ஒரு துண்டை இடையில் வைத்து அரை நாளில் தூக்கித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது? வண்டி கொஞ்சம் உயரமாக, கெத்தாக நிற்க வேண்டும் என்கிற ஆசையும் இருக்கிறது, மறைப்பானேன்.

பட்டறை_தர்மபுரி:

தம்பி, இரண்டு வேறு வேறு வியாதியை ஒரே மாத்திரையில் தீர்க்கப் பார்க்கிறீர்கள். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது ஸ்பிரிங் வேலை. குலுங்கின வண்டி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது ஷாக் வேலை. பரிசல் மாதிரி ஆடுகிறது என்றால் ஷாக் போய்விட்டது, 1,42,000 ஓடின ஷாக்கில் அதிசயம் ஒன்றும் இல்லை. மேலே லேசாக எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், ஈரமாக வழிந்து அதில் மண் ஒட்டியிருந்தால் முடிந்தது. டயரையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஷாக் செத்ததற்குச் சாட்சிதான்.

இப்போது உங்கள் 'டங்'. காலி வண்டியில் வரும்போதும் அந்தப் பாறை அடிக்கிறதா, லோடு இருந்தால் மட்டுமா? இதற்குப் பதில் தெரியாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பின்பக்கம் நடுவில் தொங்குகிற கிரவுன் ஹவுசிங், அதாவது பல்சக்கரங்கள் இருக்கிற அந்த உருண்டைக் கூடு, ஆக்சிலோடு சேர்ந்தது, ஆக்சில் நிற்பது டயர் மேல். நீங்கள் 2 இன்ச் என்ன, 4 இன்ச் தூக்கினாலும் பாடிதான் மேலே போகும், ஹவுசிங் அதே இடத்தில்தான் இருக்கும். அதைத் தூக்க ஒரே வழி பெரிய டயர். லோடு ஏற்றினால் மட்டும் அடிக்கிறது என்றால் பாடியில் தொங்குகிற ஏதோ ஒன்றுதான் படுகிறது. ஜாக்கி, ஸ்டேண்டு எல்லாம் வேண்டாம், டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்துப் பாருங்கள், புதுக் கீறல் எங்கே என்று அதுவே சொல்லும்.

அப்புறம் ஒரு டேப் எடுத்து, வீல் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை மேடையில் ஏற்றுங்கள். பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரியும் ஒரு சீட்டு வாங்குங்கள். நல்ல ஸ்பிரிங் எல்லாம் கூடுதல் எடை எவ்வளவு என்று கேட்டுத்தான் தருவார்கள். அதைச் சொல்லாமல் ஹெவி ஸ்பிரிங் போட்டுவிட்டுக் காலி வண்டியில் ஓசூர் போனால் முதுகெலும்பு எண்ணிக்கை தெரிந்துவிடும்.

அஞ்செட்டி_ரோடு:

12 ஆயிரம் ஸ்பேசரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான்தான் அதைப் போட்டுக்கொண்ட புத்திசாலி. என்னுடையதும் இதே வண்டி, இதே ஃபோர் வீல் டிரைவ். முன் ஷாக்குக்கு மேலே வட்டமாக ஒரு துண்டு வைத்துத் தூக்கினார்கள், நின்ற அழகைப் பார்த்து வீட்டில் திருஷ்டி சுற்றினார்கள். பழைய ஷாக் அப்படியே இருந்தது, ஆட்டமும் அப்படியே இருந்தது, கூடவே புதிதாக ஸ்டீயரிங் மிதக்க ஆரம்பித்தது. முன்னால் தூக்கினால் கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங்கை நேராக வைக்கிற அந்தச் சாய்வுக் கோணம், குறையும். திருப்பின ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர மாட்டேன் என்னும், 100-இல் போனால் இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அலைன்மென்ட் கடையில் எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கம் சரி வரவில்லை, வீலைப் பிடிக்கிற மேல் ஆர்மையே மாற்றினால்தான் ஆகும் என்றார்கள், அது தனிச் செலவு.

நாலு மாதம் கழித்து அஞ்செட்டியிலிருந்து நாட்ராம்பாளையம் பக்கம் போகிறேன், முன் வீலுக்கு உட்பக்கம் முழுக்கக் கிரீஸ் தெறித்திருக்கிறது. ஆக்சில் எப்போதும் சாய்வாகவே சுற்றிச் சுற்றி, ஜாயிண்டை மூடுகிற ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்திருக்கின்றன. மண்ணும் கிரீஸும் கலந்து ஜாயிண்டுக்குள் போயிருந்தது, நறநறவென்று சத்தம். ஸ்பேசரைக் கழற்றி எறிந்துவிட்டேன். 12 ஆயிரம் என்று ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒழுங்கான கிட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பின்பக்கம் தூக்கினாலும் இந்த வண்டியில் ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கிற ராட் இருக்கிறது, உயரம் கூடினால் ஆக்சில் லேசாக ஒரு பக்கம் நகரும். ஹெட்லைட்டும் மேலே ஏறிவிடும், அதைத் திரும்பச் செட் பண்ணாவிட்டால் எதிரில் வருகிறவன் உங்கள் குலத்தையே திட்டிக்கொண்டு போவான்.

கிருஷ்ணகிரி_ஆர்சி_புக்:

சட்டம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த ஷாக்கை மாற்றுவது பராமரிப்பு, அதை யாரும் கேட்கப் போவதில்லை. வண்டியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவு தூக்கினால் கதை வேறு. போலீஸை விட விபத்துக்குப் பிறகு வருகிற இன்சூரன்ஸ் சர்வேயரை யோசியுங்கள். தொப்பூர் இறக்கத்தில் உயரமான வண்டி எப்படிச் சாயும் என்பதையும் யோசியுங்கள், அங்கே ஏற்கெனவே போதுமான லாரி கவிழ்ந்திருக்கிறது.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தேன். காலியாக நாலு தடவை அந்தப் பாறை மேல் போனேன், ஒரு தடவையும் அடிக்கவில்லை. கீழே படுத்துப் பார்த்தால் ஹவுசிங்கில் காய்ந்த சேறு கலையாமல் இருக்கிறது. ஸ்டெப்னியின் அடிப்பக்கம் ரப்பர் வழித்துக்கொண்டு போயிருக்கிறது, இடது ஃபுட்ஸ்டெப் நுனி மேலே மடங்கியிருக்கிறது. ஃபுட்ஸ்டெப்பைக் கழற்றிவிடலாம் என்று வீட்டில் சொன்னேன், அம்மா தன் முழங்காலைக் காட்டினார்கள், பேச்சு அங்கேயே முடிந்தது. இரண்டு இன்ச் தூக்கினால் அவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

மாம்பழக் கூழ் ஃபேக்டரி எடை மேடையில் பின் ஆக்சில் மட்டும் காலியாக 1,020 கிலோ, பன்னிரண்டு கிரேடோடு 1,280. மாமா பையனிடம் 30 ஆயிரம் ஓடின இதே வண்டி இருக்கிறது, அதையும் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன். முன்பக்கம் 6 மி.மீ. வித்தியாசம். பின்பக்கம் என் வண்டி 27 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது! பின் ஷாக் இரண்டும் வழிகிறது.

பட்டறை_தர்மபுரி:

பார்த்தீர்களா, உங்கள் வண்டியைத் தூக்க வேண்டியதில்லை, உட்கார்ந்ததை நிமிர்த்தினால் போதும். பின் ஸ்பிரிங் களைத்துவிட்டது. வருடத்தில் மூன்று மாதம்தான் லோடு என்பதால் நடுத்தர எடைக்கான ஸ்பிரிங் கேளுங்கள். ஷாக் நாலையும் மாற்றுங்கள், முன்னால் உயரத்தைத் தொடாதீர்கள்.

எந்த ஷாக் என்றால், பில்ஸ்டீன் மாதிரி ஒற்றைக் குழாய் ஷாக்கில் கேஸும் எண்ணெயும் தனித்தனி அறையில் இருக்கும், சூடானாலும் எண்ணெய் நுரைக்காது, மலைப் பாதையில் நீண்ட நேரம் தாக்குப் பிடிக்கும். ஆனால் பிஸ்டன் ஓடுவதே வெளிச் சுவரை ஒட்டித்தான், கல் தெறித்து ஒரு நசுங்கல் விழுந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஓல்டு மேன் ஈமு நைட்ரோசார்ஜர் மாதிரி இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் அடி வாங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். உங்கள் ஓடைத் தடத்துக்கு நான் இரட்டைக் குழாய்தான் போடுவேன்.

போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்கக் கூடாது. தரையில் இறக்கி, எடை டயர் மேல் வந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தொங்குகிற நிலையில் முறுக்கினால் போல்ட்டைச் சுற்றியிருக்கிற புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் பிய்ந்துவிடும். அவசரத்தில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, மூன்று மாதத்தில் கிறீச் என்று வந்து நிற்பார்கள்.

அஞ்செட்டி_ரோடு:

கெத்து வேண்டும் என்றால் டயர் மாற்றும்போது 265/60 ஆர்18-க்குப் பதில் கொஞ்சம் உயரமான 265/65 ஆர்18 யோசியுங்கள், ஆக்சில் 13 மி.மீ. மேலே வரும். ஸ்பீடோ 100 காட்டும்போது நிஜத்தில் 103 ஓடும், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து உள்ளே உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் ஆர்சி புக் சாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எனக்கு அவரைப் பார்த்தால் பயம்.

ஓடைக்கரை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பாறை உங்கள் சொந்தத் தடத்தில்தானே இருக்கிறது? பிரேக்கர் மாட்டின ஜேசிபி ஒன்றை வரச் சொன்னால் இரண்டு மணி நேர வாடகையோடு போய்விடுமே?

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:

ஓடைக்கரை, இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "மூணு வருஷமா நான் என்ன சொல்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஜேசிபி வருகிறது. ஷாக்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டேன், மாட்டினதும் அதே டேப்பில் அளந்து போடுகிறேன்.