டெபியன் 13 போட்ட பிறகு தராசு புரோகிராம் லிங்க் ஆகவில்லை

பரந்தன்காரன்:
இங்கே ஒரு அரிசி ஆலையில் நெல் மூட்டை நிறுக்கிற தராசு, சீரியல் போர்ட் வழியாகக் கணினிக்கு எடையை அனுப்பும். அதைப் பதிகிற சி புரோகிராம் யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போனது, இப்போது என் தலையில். பழைய பெட்டியில் டெபியன் 10 லினக்ஸ், ஜிசிசி 8 கொம்பைலர். டிஸ்க் செத்துப்போனதால் டெபியன் 13 போட்டேன், அதில் ஜிசிசி 14. முதலில் ரீட், க்ளோஸ் எல்லாவற்றுக்கும் 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' (முன்பே அறிவிக்காத ஃபங்ஷன்) என்று எரர், பழையதில் இது வெறும் வார்னிங்தான். முதல் எரரோடு நிற்காமல் மிச்சத்தையும் காட்ட மேக் ஹைபன் கே போட்டு, ஒருமாதிரி அந்த ஃபங்ஷன்களை அறிவிக்கிற யுனிஸ்டிடி ஹெடரைச் சேர்த்தேன், கொம்பைல் ஆனது. அப்புறம் கோப்புகளை ஒரே புரோகிராமாக இணைக்கிற லிங்கர் 'மல்டிபிள் டெஃபினிஷன்' (ஒரே பெயர் பல இடத்தில் வரையறை) என்று கத்துகிறது. போர்ட்எஃப்டி என்ற வேரியபிள் நான்கு கோப்பிலும், கவுண்ட் என்பது இரண்டிலும். காலபோக அறுவடை, லொறி வாசலில் நிற்கிறது. ஒருக்கா பாருங்கோ.

முறிகண்டியான்:
மேக்ஃபைலில் சிஃப்ளாக்ஸ் வரியில் ஹைபன் எஃப்கொமன் போடு தம்பி, பழையபடி ஒரே பெயர்களை ஒன்றாக்கிவிடும். ஹெடர் எரர் திரும்ப வந்தால் ஹைபன் எஃப்பெர்மிசிவ், அது எரரை வார்னிங் ஆக்கும். ஐந்து நிமிட வேலை.

குளக்கட்டு:
அண்ணை சொன்னது ஓடும், இன்றைக்கு லொறியை அனுப்ப அது போதும். ஆனால் பெர்மிசிவை மட்டும் வேண்டாம். ஸ்டிட்லிப் ஹெடர் இல்லாமல், எழுத்தைத் தசம எண்ணாக்குகிற ஏடோஎஃப் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தால் அது இன்ட் (முழு எண்) தரும் என்று கொம்பைலர் நினைத்துக்கொள்ளும், எடைக்குப் பதிலாகக் குப்பை எண் வரும். 2024இல் ஜிசிசி 14 இதை எரர் ஆக்கியது சும்மா இல்லை.

லிங்கர் விஷயம் ஜிசிசி 10இலிருந்து வந்தது. அதற்கு முன் ஒரே பெயரில் நான்கு கோப்பில் மதிப்புக் கொடுக்காத குளோபல் வேரியபிள் இருந்தால், லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். போர்ட்எஃப்டி எல்லாவற்றிலும் வருகிறதென்றால் ஹெடரில் கிடக்கிறது, அங்கே எக்ஸ்டர்ன் (வேறெங்கோ இருக்கிறது என்ற அறிவிப்பு) போட்டு ஒரேயொரு சி கோப்பில் வரையறு. எனக்கு இடிப்பது கவுண்ட். இரண்டில் மட்டும் ஏன்? கோப்பிலுள்ள பெயர்களைக் காட்டுகிற என்எம் கட்டளையை ஹைபன் ஏயோடு போட்டு எந்த இரண்டு ஓ கோப்பு (கொம்பைல் ஆனது) என்று பார், பிறகு அந்த இரண்டின் சி கோப்பையும் திறந்து வாசி.

பரந்தன்காரன்:
பார்த்தேன், தலை சுற்றுகிறது. பதிவுக் கோப்பில் கவுண்ட் என்பது மூட்டை எண்ணிக்கை. போர்ட் கோப்பிலும் அதே பெயர், ஆனால் அது தராசு பதில் தராதபோது திரும்பக் கேட்ட தடவை! இத்தனை நாளும் இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. கேபிள் ஆடினால் மூட்டை ஒன்று கூடும், சாயங்காலம் கணக்கு இடிக்கும், எண்ணுகிற பொடியனுக்கு ஏச்சு விழும். எஃப்கொமன் போட்டிருந்தால் இன்னும் விழுந்துகொண்டே இருந்திருக்கும். போர்ட்எஃப்டியை நீங்கள் சொன்னபடி மாற்றினேன், இரண்டு கவுண்டுக்கும் முன்னால் ஸ்டாட்டிக் (அந்தந்தக் கோப்புக்குள் மட்டும் என்று) போட்டேன், லிங்க் ஆனது. கேபிளை வேண்டுமென்றே ஆட்டியும் பார்த்தேன், எண்ணிக்கை அசையவில்லை.

முறிகண்டியான்:
சரி, அந்தப் பொடியனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடு.