அப்பாவைக் கட்சிப் பகையில் இழந்த பையனை நினைவுநாள் மேடையில் ஏற்றலாமா?

தக்கலைக்காரன்:
போன வருஷம் என் அத்தானைக் கட்சித் தகராறில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். எந்த ஊர், எந்தக் கட்சி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அக்கா மகனுக்கு 13 வயது. அடக்கத்தன்றும் அழவில்லை, கருமாதி அடியந்திரத்தன்றும் அழவில்லை, வந்தவர்கள் எல்லாம் 'அப்பன மாதிரியே தைரியம்' என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். இப்போது ராத்திரி பைக் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறான், சம்பவம் நடந்த முக்கைத் தவிர்க்க டியூஷனுக்குச் சுற்றிப் போகிறான், ஆனால் அந்தச் சம்பவத்தின் வீடியோவை மட்டும் போனில் பத்திரமாக வைத்திருக்கிறான். ஜாமீனில் வந்த ஒருத்தன் எங்கள் தெருமுனையில்தான் டீ குடிக்கிறான். அடுத்த மாதம் முதல் நினைவுநாள். பையன் மேடையேறிப் பேசணும் என்கிறார்கள் கட்சிக்காரர்கள். கேஸ் செலவைப் பார்ப்பது அவர்கள் என்பதால் அக்காவால் மறுக்க முடியவில்லை. என்ன செய்ய?

கடற்புரத்தாள்:
தம்பி, 1982-இல் இந்து-கிறிஸ்தவ மோதலாக வெடித்த மண்டைக்காடு கலவரத்தில் என் அப்பா போனார், நான் அப்போது ரெண்டாம் வகுப்பு. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அப்பா என்றாலே அந்த ஒரு நாள்தான். விசாரணைக் கமிஷன், பத்திரிகை, பாதிரியார், சொந்தக்காரர் என்று எல்லாரும் எப்படிச் செத்தார் என்றே பேசினார்கள். இன்றும், கலவரம் வெடித்த அந்தக் கோயில் திருவிழாவான மாசிக் கொடை நெருங்கினால் காலண்டர் பார்க்காமலே நெஞ்சு படபடக்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன். கல்யாணமான பிறகுதான் சித்தப்பா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார், கடற்புரத்தில் பிறந்தும் அப்பாவுக்கு மீன்முள் என்றால் பயமாம், அம்மாதான் எடுத்துக் கொடுக்கணுமாம். சிரித்துச் சிரித்து, கடைசியில் அன்றுதான் அவருக்காக அழுதேன். உங்கள் அத்தானைப் பற்றி அந்த மாதிரிக் கதைகளைப் பையனிடம் சொல்லுங்கள். மேடையில் அதெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள்.

மனநலப் பணியாளர்:
அழாததைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படிப்பட்ட சாவில் பிள்ளைகள் அப்பாவை நினைக்கப்போனாலே அந்தக் கடைசிக் காட்சி குறுக்கே வரும், அதனால் நினைப்பதையே தவிர்ப்பார்கள், துக்கமும் அங்கேயே நின்றுவிடும். அதோடு இது மனுஷன் திட்டம் போட்டுச் செய்தது, செய்ததாகச் சொல்லப்படுகிறவன் கண்ணெதிரே நடமாடுகிறான், ஆகவே தாழ்ப்பாளைப் பார்ப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் தனி நோயாகவே இருக்கிறது, ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் கவனிக்கணும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போங்கள். ஊருக்குத் தெரியும் என்று தயங்கினால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். வீடியோவைப் பிடுங்கி அழிக்காதீர்கள். வக்கீலிடம் ஒரு பிரதி இருக்கட்டும், உன் போனில் வேண்டாமே என்று பேசி எடுங்கள்.

மேடை வேண்டாம் என்பேன். வீரன் மகன் என்று கைதட்டல் வாங்கிய பிள்ளை, மறுநாள் பயமாயிருக்கிறது என்று யாரிடம் சொல்லுவான்?

குழித்துறை:
கோபத்தையும் நோயாக்கிவிடாதீர்கள் சார். அப்பனைக் கொன்றவன் டீ குடிப்பதைப் பார்த்துக் கோபம் வராவிட்டால்தான் டாக்டர் வேணும். அண்ணே, அந்த ஆள் சாட்சிகளை மிரட்டினால் ஜாமீனை ரத்துசெய்ய மனு போடலாம், வக்கீலைக் கேளுங்கள்.

தக்கலைக்காரன்:
ராத்திரி பையனிடமே கேட்டேன். 'மாமா, பேச்ச அவிய எழுதித் தருவாவளா, நானே எழுதணுமா?' என்கிறான். இது சம்மதமா இல்லையா?

மனநலப் பணியாளர்:
எனக்கு இது சம்மதமாகத் தெரியவில்லை. மாட்டேன் என்று சொல்ல வழி தேடுகிறான். பரீட்சை என்று சொல்லி நீங்களே மேடையேறிவிடுங்கள்.

குழித்துறை:
செலவுக்காகக் கட்சிக்குக் கட்டுப்பட வேண்டாம் அண்ணே. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம். அக்கா ஆதாரும் எஃப்ஐஆர் நகலும் எடுத்துக்கொண்டு போகட்டும்.