டாஸ்மாக் பாட்டில் வாங்கிக் கொடுத்து டெலிவரி சார்ஜ் மட்டும் வாங்கலாமா?

மார்த்தாண்டம்_டெலிவரி கேட்டது:

மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை பக்கம் சாப்பாடும் மளிகையும் வீட்டுக்குக் கொண்டு கொடுக்கிற தொழில். அஞ்சு பைக், எல்லாம் என் பேர்ல. சனி, ஞாயிறு ராத்திரி நிறைய பேர் கேக்கிறது, "பரோட்டாகூட ரெண்டு பியரும் வாங்கிட்டு வருவீங்களா?" பாட்டிலுக்கு அச்சடிச்ச விலை மட்டும் வாங்கிட்டு, டெலிவரிக்கு 50 ரூபாய் தனியா போடலாமா? கன்னியாகுமரியில ஒரு லாட்ஜும் ரூம்ல தங்குறவங்களுக்கு இதே மாதிரி செய்யக் கேக்குது. 2020-ல கோர்ட்டே ஆன்லைன்ல விக்கச் சொல்லிச்சு இல்லியா? இதுக்கு லைசென்ஸ் எங்க எடுக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலை_வழக்கறிஞர்:

தம்பி, லைசென்ஸைத் தேட வேண்டாம். தமிழ்நாட்டுல அப்படி ஒண்ணு கிடையாது. 2003 நவம்பர் 29-ல இருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில மட்டும்தான். தனியாருக்குச் சில்லறைக் கடை உரிமம் தர்ற வழி அன்னைக்கோட அடைஞ்சு போச்சு.

1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் இன்னைக்கும் அடிப்படை. மளிகைக்கடையில தடை செய்யாத எதையும் விக்கலாம். மதுவுல அரசு எழுதி அனுமதிச்சதை மட்டும்தான் செய்யலாம். கடை நேரம் மதியம் 12 முதல் ராத்திரி 10 வரை, வாங்குறவருக்கு 21 வயசு நிறைஞ்சிருக்கணும், கவுண்டர்ல நேரா வந்து வாங்கணும். வீட்டுக்குக் கொண்டு கொடுக்க டாஸ்மாக்குக்கே விதி இல்ல, பிறகு உங்களுக்கு எப்படி வரும்?

"பாட்டில்ல லாபம் வைக்கல, வண்டிக்கூலி மட்டும்தான்"ங்கிற வாதம் நிக்காது. ஆர்டர் எடுத்து, காசு வாங்கி, பாட்டிலைக் கையில கொடுத்தா எஃப்.ஐ.ஆர்.ல அது விற்பனைதான். வாட்ஸ்அப்ல வந்த ஆர்டரும் ஜிபேல விழுந்த பணமும் சாட்சிக்குப் போதும்.

அடுத்த குழப்பம் அளவுல. 21 வயசு நிறைஞ்ச ஒருத்தர் பெர்மிட் இல்லாம வச்சுக்கக்கூடியது, பிராந்தி, விஸ்கி, ரம் வகையில 4.5 லிட்டர், பியர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். கணக்குப் போட்டா ஆறு ஃபுல், இல்லேன்னா 25 குவாட்டர். பியர்னா 650 மில்லி பாட்டில் 12. "இதுக்குள்ள இருந்தா போலீஸ் ஒண்ணும் செய்யாது"ன்னு நினைச்சுத்தான் பலரும் மாட்டுறாங்க. அந்தச் சலுகை தனக்குன்னு வாங்கி வைக்கிறவருக்கு. விக்கிறதுக்கு அளவே கிடையாது, ஒரு குவாட்டரை வித்தாலும் வழக்குதான். அதுமட்டுமில்ல, மூணு வீட்டு ஆர்டரை ஒரு பையன் ஒரே பையில கொண்டு போனா, மொத்தமும் அவன் கையில இருந்ததாத்தான் எண்ணப்படும்.

பைக் உங்க பேர்ல இருக்கிறதால இதையும் தெரிஞ்சுக்கோங்க. வண்டியைப் பிடிச்சா பறிமுதல் நடவடிக்கை வரும். உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, "எனக்குத் தெரியாம நடந்தது, தடுக்க வேண்டிய ஏற்பாடெல்லாம் செஞ்சிருந்தேன்"னு காட்ட வாய்ப்பு தரணும். ஆர்டர் உங்க நம்பருக்கே வந்திருந்தா அதை எப்படிக் காட்ட முடியும்? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி, தண்டனையையும் அபராதத்தையும் பல மடங்கு கூட்டியிருக்காங்க. பைசல் பண்ணிட்டு வந்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

2020 விஷயம் இதுதான். கொரோனா நேரம், மே 8-ல சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லி, ஆன்லைன் விற்பனையும் வீட்டு டெலிவரியும் மட்டும் நடக்கலாம்னு சொல்லிச்சு. மே 15-ல உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுச்சு, கடைகள் திரும்பத் திறந்துச்சு. அதோட முடிஞ்ச கதை. அதே மே மாசம் ராஞ்சியில ஸ்விக்கி மது டெலிவரி தொடங்கினது உண்மைதான். அடையாள அட்டையும் செல்ஃபியும் வாங்கி வயசைச் சரிபார்த்து, வாசல்ல ஓடிபி கேட்டுத்தான் கொடுத்தாங்க. ஆனா அது ஜார்க்கண்ட் அரசு அனுமதிச்சதால நடந்தது. மது மாநிலப் பட்டியல்ல இருக்கு, அதாவது அந்தந்த மாநில அரசுதான் சட்டம் போடும், அந்த ஊர் அனுமதி இங்க செல்லாது.

ஓட்டல்_கணக்கு_நாகர்கோவில்:

லாட்ஜ் பற்றி மட்டும் சொல்றேன். மது பரிமாற நட்சத்திர ஓட்டலுக்கு எப்.எல்.3 உரிமம், கிளப்புக்கு எப்.எல்.2 உரிமம். இந்த ரெண்டும் உரிமம் பெற்ற வளாகத்துக்குள்ள பரிமாறத்தான். பார்சல் கொடுக்க முடியாது, பக்கத்து லாட்ஜுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது. உரிமம் இல்லாத லாட்ஜ்ல ரூம்பாய் காசு வாங்கிட்டு பாட்டில் கொண்டு வந்தாலே குற்றம். பில்லுல "இதர சேவை"ன்னு எழுதினா மேனேஜரும் சேர்ந்து மாட்டுவார். மொட்டை மாடியில மேசை போட்டுக் குடிக்க விட்டா அது தனி வழக்கு.

கல்யாண வீட்டு ஆர்டரும் கேப்பாங்க, சொல்லி வைக்கிறேன். 2023-ல எப்.எல்.12ன்னு சிறப்பு உரிமம் வந்தப்ப மண்டபங்களும் அதுல இருந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் அந்த ஏப்ரல்லயே மண்டபத்தை எடுத்துட்டாங்க. மாநாடு, விளையாட்டுப் போட்டி மாதிரி நிகழ்ச்சிக்கு மட்டும்னு மாத்தினாங்க.

களியக்காவிளை_எல்லை:

மார்த்தாண்டத்துல இருந்து எல்லை பக்கம்தானே, அங்க போய் வாங்கிட்டு வரலாம்னு அடுத்த யோசனை வரும். வேண்டாம். கேரளத்துல பெவ்கோவுக்கு (அங்க அரசு மதுக்கடை நடத்துற நிறுவனம்) ஆன்லைன்ல பணம் கட்டி, போன்ல வர்ற குறியீட்டைக் காட்டி கடையில எடுத்துக்கிற வசதி 2021-ல இருந்து உண்டு. ஆனா அங்க வயசு 23, அந்தப் பாட்டிலுக்கு வரி போனது கேரள அரசுக்கு. அதை இங்க கொண்டு வந்து கொடுத்தா வெளிமாநில மது கடத்தல் வழக்கு. எதிர்த்திசையும் அப்படித்தான். டாஸ்மாக் பாட்டிலோட கேரளத்துல பாறசாலை பக்கம் டெலிவரி போய், கேரள எக்சைஸ் பிடிச்சா அவங்க அப்காரிச் சட்டத்துலதான் (கேரள மதுச் சட்டம்) வழக்கு.

மார்த்தாண்டம்_டெலிவரி:

சரிங்க அண்ணாச்சி, மது வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். "பிக்கப் அண்ட் டிராப்"னு ஒரு சேவை வச்சிருக்கோம், பார்சலுக்குள்ள பாட்டிலை வச்சு அனுப்பினா என்ன செய்ய? பிறகு, ஆல்கஹால் இல்லாத 0.0 பியரும் அக்கானியும் (பதநீர்) கொண்டு கொடுக்கலாமா?

தக்கலை_வழக்கறிஞர்:

நல்ல கேள்வி, உண்மையான ஆபத்து அந்தப் பார்சல்லதான் இருக்கு. விதிமுறையில "மது, போதைப்பொருள், புகையிலை எடுக்க மாட்டோம்"னு தமிழ்ல தெளிவா எழுதி, ஆர்டர் எடுக்கும்போதே அனுப்புங்க. உள்ள என்ன இருக்குன்னு அனுப்புறவர் கைப்பட எழுதணும், அவர் போன் நம்பரும் இருக்கணும். பையன் அவர் முன்னாடி திறந்து பார்த்து, போட்டோ எடுத்து, பிறகுதான் ஒட்டணும். திறக்க மாட்டேன்னா எடுக்க வேண்டாம். டாஸ்மாக் வாசல்ல நின்னு யாராவது பார்சல் கொடுத்தா எதுவா இருந்தாலும் வேண்டாம். சந்தேகமானதை மறுத்தா சம்பளத்துல பிடிக்க மாட்டோம்னு பையன்களுக்கு எழுத்துல கொடுங்க, இல்லேன்னா பயந்து எடுத்துட்டு வந்துடுவாங்க. உரிமையாளர் ஏற்பாடு செஞ்சிருந்தார்னு நாளைக்குக் காட்ட இந்தக் காகிதங்கள்தான் உதவும்.

சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி, இந்த எட்டு நாளும் டாஸ்மாக் அடைப்பு. தேர்தலுக்கு வாக்குப்பதிவு முடியுறதுக்கு முந்தின 48 மணி நேரமும் அப்படித்தான். அந்த நாட்கள்லதான் பிக்கப் ஆர்டர் திடீர்னு கூடும், அன்னைக்குச் சோதனையும் கூடும். முடிஞ்சா பிக்கப்பை அன்னைக்கு நிறுத்திடுங்க.

0.0 பியர் பிரச்சினை இல்ல. உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கு மேல போனாத்தான் அது மதுபானம். லேபிள்ல 0.0ன்னும் உணவு உரிம எண்ணும் இருக்கான்னு ஒவ்வொரு பெட்டியிலும் பாருங்க. "ஸ்ட்ராங்"ன்னோ "லைட்"ன்னோ இருக்கிறதெல்லாம் வேற சரக்கு. கிறிஸ்துமஸ் நேரத்துல வீட்டுல போட்ட திராட்சை ஒயினைக் கொண்டு கொடுக்கச் சொல்லுவாங்க, அது நொதிச்ச சரக்கு, தொடவே வேண்டாம்.

பனை_தொழில்_கருங்கல்:

அக்கானிக்கு நான் சொல்றேன். சுண்ணாம்பு தடவின கலயத்துல இறக்கினது அக்கானி, சுண்ணாம்பு இல்லாததும் குறைஞ்சதும் புளிச்சுக் கள்ளாகும். கள்ளுக்கு 1987-ல இருந்து தடை. அதனால புளிப்பு உங்களுக்கு ருசிப் பிரச்சினை மட்டுமில்ல, வழக்குப் பிரச்சினையும்.

காலையில இறக்கினதை உடனே சில்லாட்டையில (பன்னாடை) வடிகட்டி, ஐஸ் போட்ட பெட்டியில வச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள கொடுத்து முடிங்க. முந்தின நாள் மிச்சத்தைப் புதுசோட கலந்தா மொத்தமும் புளிக்கும், ஏன்னா பழசுல இருக்கிற ஈஸ்ட் புதுசுல ஏறிடும். பாத்திரத்தைத் தினமும் வெந்நீர் ஊத்திக் கழுவணும், மூடியோட இடுக்குலதான் ஈஸ்ட் தங்கும். நுரை கட்டி, மூடி உப்பியிருந்தா கொடுக்காம ஊத்திடுங்க. வெயில் நேரத்துல தூரமா இரணியல், கொல்லங்கோடுன்னு ஆர்டர் எடுக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்க பேர்லயும், இறக்கிக் கொடுக்கிற பனையேறி பேர்லயும் இருக்கணும். பாட்டில் மேல இறக்கின தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்க.