குழந்தைக்கான டிகாக்சின் சிரப் எங்கே கிடைக்கும்?

வணக்கம். பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கை மகளுக்கு ஐந்து மாதம், எடை நான்கரைக் கிலோ. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் ஓட்டை. எடை ஏறியதும் அறுவை சிகிச்சை. அதுவரை இதயத் துடிப்பை வலுவாக்கும் டிகாக்சின், உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசெமைடு இரண்டும் கொடுக்கிறோம்.

டிகாக்சின் சிரப் (ஒரு மி.லி.க்கு 0.05 மி.கி.) போன மாதத்திலிருந்து கிடைக்கவில்லை. புட்டியில் ஒரு விரற்கடை உயரம்தான் மிச்சம். இங்கும் தருமபுரி பஸ் நிலையத்தைச் சுற்றியும் கேட்டாயிற்று, எல்லோரும் 0.25 மி.கி. மாத்திரையையே நீட்டுகிறார்கள். அதை நொறுக்கிக் கலக்க வேண்டாம் என்கிறார் மருத்துவர். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான மருந்து இது. பால் குடிக்கும்போதே பிள்ளைக்கு நெற்றி வியர்த்து மூச்சு வாங்குகிறது. நாங்களாக நிறுத்தவும் முடியாது.

கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் பக்கம் எந்த மருந்துக்கடையில் இந்த சிரப் இப்போது இருக்கிறது?