ஆச்சி வீட்டுக் குழு: மாத்திரைக் கடிகாரம்

செல்வி சித்தி: கார்த்தி, நீ வாங்கித் தந்த பேசும் கடிகாரம் காலையிலிருந்து "மாத்திரை நேரம், மாத்திரை நேரம்" என்று உயிரை வாங்குகிறது. ஆச்சி அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடிவிட்டாள் 🙄 சஷ்டி விரதம், பச்சைத் தண்ணீர்தான்.

கார்த்தி: அது வெறும் அலாரம் சித்தி, அதற்கு என்ன தெரியும். 2010 வாக்கிலேயே அமெரிக்காவில் மைக்கேல் ஆண்டர்சன், சூசன் ஆண்டர்சன் என்று ஒரு தம்பதி, அவர் கம்ப்யூட்டர்காரர், அந்த அம்மா தத்துவப் பேராசிரியை, நாவோ என்ற ரோபோவை இதற்கென்றே பழக்கினார்கள். இரண்டடி உயரம்கூட இருக்காது. வேண்டாம் என்றால் விட்டுவிடும், அப்புறம் வந்து கேட்கும், நிலைமை முற்றினால்தான் டாக்டருக்குச் சொல்லும்.

முருகேசன் மாமா: முற்றிவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும் மாப்ளே?

கார்த்தி: மாத்திரை போடாவிட்டால் எவ்வளவு கெடுதல், அது வர எத்தனை மணி நேரம் ஆகும், எல்லாம் டாக்டர் முன்னாலேயே சொல்லிவைப்பார். நேரம் ஆக ஆகக் கெடுதல் ஏறும், எதிர்த்தட்டில் நோயாளியின் விருப்பம். எது கனக்கிறதோ அதன்படி நடக்கும்.

வசந்தா பெரியம்மா: அந்தத் தராசில் சஷ்டி எங்கே இருக்கிறது? போன வருஷம் வெறும் வயிற்றில் சுகர் மாத்திரை போட்டு, அடுப்படியில் வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தாளே, நான்தான் வாயில் சர்க்கரையைத் தடவினேன். இன்றைக்கு வேண்டாம் என்றவள்தான் சரி. உன் நாவோ வந்து டாக்டரிடம் கோள் சொல்லும்.

கார்த்தி: சிக்கலே அதுதான் பெரியம்மா. நாம் சொல்லிவைத்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். 2014-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலன் வின்ஃபீல்ட் என்ற ரோபோ ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தார். பள்ளத்தில் விழப்போகிற குட்டி ரோபோவை, அதை மனிதன் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு ரோபோ குறுக்கே போய்க் காப்பாற்றியது. விழப்போவது இரண்டு என்றதும் 33 தடவையில் 14 தடவை இங்கேயா அங்கேயா என்று தவித்து இரண்டையும் விட்டுவிட்டது.

செல்வி சித்தி: நம் வீட்டு ஆம்பளைகள் மாதிரியே 😂

முருகேசன் மாமா: 😐

செல்வி சித்தி: ஆச்சி சொல்கிறாள், "அது முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கட்டும், அப்புறம் மாத்திரையை நீட்டட்டும்."

வசந்தா பெரியம்மா: டாக்டரிடம் கேட்டாயா?

செல்வி சித்தி: கேட்டாயிற்று அக்கா. காலை மாத்திரை வேண்டாம், மதியம் சுகர் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கார்த்தி, இதை எப்படி நிறுத்துவது? துண்டுக்குள்ளிருந்து மறுபடியும் கத்துகிறது.