எஸ்ஏடி மதிப்பெண் அனுப்பியும் "வரவில்லை" என்றே காட்டுகிறது, யாராவது உதவுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் பிளஸ் டூ படிக்கிறேன். நவம்பர் 1 கடைசித் தேதி என்பதால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் தளம்) வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டேன். எஸ்ஏடி நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் பணம் கட்டி மதிப்பெண்ணை அனுப்பி 17 நாள் ஆகிறது. அங்கே அனுப்பியாயிற்று என்று இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக போர்ட்டலில் மார்க்‌ஷீட், சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றுக்கும் பச்சை டிக், எஸ்ஏடிக்கு மட்டும் சிவப்பு. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே அதைத்தான் திறந்து பார்க்கிறேன். மறுபடியும் பணம் கட்டி அனுப்பட்டுமா? அப்பாவிடம் இன்னொரு தடவை கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். மார்ச்சில் ரீடிங் 680, கணிதம் 770, மொத்தம் 1450. ஆகஸ்டில் 720, 740, மொத்தம் 1460. காமன் ஆப்பில் 720, 770 என்று போட்டேன். கூட்டினால் 1490. அப்படி ஒரு மொத்தம் எந்தத் தேர்விலும் நான் வாங்கவில்லையே, பொய் சொன்னதாகிவிடுமா?

ரெண்டு பிள்ளை அம்மா:
பணம் கட்டாதேம்மா, பொறு. 1490 பொய்யே இல்லை. காமன் ஆப் மொத்தத்தைக் கேட்பதே இல்லை. ஒவ்வொரு பிரிவிலும் உன் அதிகபட்சம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்றுதான் கேட்கிறது. தேதிகளைச் சரியாகப் போட்டிருந்தால் நீ சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டு தேர்வின் நல்ல பாதியைச் சேர்த்துப் பார்ப்பதற்கு சூப்பர்ஸ்கோர் என்று பெயர், நிறைய கல்லூரிகள் அப்படித்தான் பார்க்கின்றன. ஜார்ஜ்டவுன் மாதிரி சில இடங்கள் எழுதிய எல்லாத் தேர்வையும் கேட்கும். அதனால் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் படித்துவிடு.

சிவப்புக் குறிதான் எனக்கும் புரியவில்லை. பத்து நாள் ஆனால் சரி, 17 கொஞ்சம் அதிகம்.

குளிர்தேசத்து அண்ணன்:
தங்கச்சி, இரண்டு விஷயம் சொல். காலேஜ் போர்டில் பெயர் எப்படி இருக்கிறது, காமன் ஆப்பில் எப்படி இருக்கிறது? அப்புறம், அனுப்பியது எந்தத் தேர்வு?

வைகைக்கரை:
காலேஜ் போர்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி: முதல் பெயர் தேன்மொழி, கடைசிப் பெயர் முருகேசன். பள்ளிச் சான்றிதழில் "தேன்மொழி எம்" என்று இருப்பதால் காமன் ஆப்பில் கடைசிப் பெயர் கட்டத்தில் "எம்" மட்டும் போட்டேன். அனுப்பியது ஆகஸ்ட் மட்டும்.

குளிர்தேசத்து அண்ணன்:
நினைத்தேன். நமக்கு இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. அவர்கள் கணினிக்கு அது குடும்பப் பெயர். எம் என்ற குடும்பத்தில் பிறந்த தேன்மொழி ஒருத்தி, முருகேசன் குடும்பத்துத் தேன்மொழி வேறொருத்தி. மதிப்பெண் போய்ச் சேர்ந்திருக்கும், உன் கோப்போடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும். இன்னொரு தடவை அனுப்பினாலும் அதே இடத்தில்தான் போய் விழும்.

அட்மிஷன் அலுவலகத்துக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போடு. நாலு வரி போதும்: இரண்டு பெயரும் இரண்டும் நீதான் என்பதும், பிறந்த தேதி, காமன் ஆப் எண், தேர்வு எழுதிய தேதியும் பதிவு எண்ணும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை இணை. விண்ணப்பத்தில் கொடுத்த அதே முகவரியிலிருந்து அனுப்பு, அப்பாவுடையதிலிருந்து வேண்டாம்.

ஆகஸ்ட் மட்டும் அனுப்பியிருக்கிறாய், ஆனால் 770 மார்ச்சில் வாங்கியது. அதிகாரபூர்வ அறிக்கையில் அவர்களுக்கு 740தான் தெரியும். நீயே போட்ட மதிப்பெண்ணை இப்போதைக்கு ஏற்பார்களா, சேரும்போது அறிக்கை கொடுத்தால் போதுமா என்று அதே கடிதத்தில் கேள். பல இடங்களில் அப்படித்தான் நடைமுறை. இனி அனுப்பும்போது இரண்டு தேதியையும் ஒரே அறிக்கையில் சேர்த்துவிடு, ஒரு கட்டணத்திலேயே முடிந்துவிடும்.

காமன் ஆப்பில் பெயரை இப்போதே பாஸ்போர்ட்படி மாற்று. அனுப்பிய விண்ணப்பம் மாறாது, இனி அனுப்பப்போவதற்கெல்லாம் அது பொருந்தும். நாளைக்கு ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) வரும்போதும் பாஸ்போர்ட் பெயர்தான் வேண்டும்.

ரெண்டு பிள்ளை அம்மா:
அடுத்த தடவை எழுதினால், தேர்வு முடிந்த ஒன்பது நாளுக்குள் நாலு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம் கண்ணு. என் மூத்தவனுக்கு இது தெரியாமல் போய்விட்டது.

வைகைக்கரை:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். பதில் வந்துவிட்டது! இரண்டு கோப்பையும் சேர்த்துவிட்டார்களாம். இன்று காலை போர்ட்டலில் பச்சை டிக். மார்ச் மதிப்பெண்ணுக்கு நான் போட்டதே இப்போதைக்குப் போதுமாம், இடம் கிடைத்துச் சேர்ந்தால் அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். அண்ணா, ஆன்ட்டி, ரொம்ப நன்றி. மீதி ஆறு கல்லூரிகளுக்கும் முருகேசன் என்று மாற்றிவிட்டேன். பள்ளியிலிருந்து போகும் கடிதத்தில் இன்னும் "எம்" தான் இருக்கிறது, நாளைக்கு ஆசிரியரிடம் பாஸ்போர்ட் நகலைக் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன்.