மலையில் பெரியவர்களுக்குப் பல்லும் மனசும்: எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது?

கோத்தகிரி மகள்:
அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. அப்பா ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இனிப்பு டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார், கூடவே வர்க்கி பிஸ்கட். ராத்திரி பல் விளக்கச் சொன்னால் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்கிறார். அம்மாவுக்குக் குளிர்ந்தது பட்டாலே பல் கூசுகிறது. ஆனாலும் உப்பும் கரித்தூளும் வைத்து அழுத்தித் தேய்ப்பதை விடமாட்டேன் என்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் இருவரும் வீட்டுக்குள்ளேயேதான். அப்பா பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், பேச்சும் குறைந்துவிடுகிறது. பெரிய மாற்றம் சொன்னால் கேட்கமாட்டார்கள். சின்னதாக எதில் தொடங்கலாம்?

குன்னூர் பல் மருத்துவர்:
வணக்கம் சகோதரி. ஃபிளாஸ்க்கில் தொடங்குங்கள். எவ்வளவு சர்க்கரை போடுகிறார் என்று பார்ப்பதற்கு முன், எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்று பாருங்கள். வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைச் சில நிமிடங்களில் அமிலமாக்கிவிடும். அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேல் கவசமான எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். ஒரு டம்ளரைப் பத்து நிமிடத்தில் குடித்து வைத்துவிட்டால் பல் மீண்டுவிடும். அதே டீயை முற்பகல் முழுக்க உறிஞ்சினால் எச்சிலுக்கு அவகாசமே கிடைக்காது. அவர் வயதில் ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது. 6-ஐத் தாண்டிய பிஎச்-சிலேயே அது கரைய ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கு ஈறோரத்தில் சொத்தை வருவது இதனால்தான்.

ஆகவே டீக்கு நேரம் குறியுங்கள். காலை எழுந்ததும், பத்து மணிக்கு, மதியச் சாப்பாட்டோடு, மூன்று மணிக்குள் கடைசி. வர்க்கியை அந்த டீயோடு சேர்த்தே முடித்துவிடட்டும், தனியாகக் கொறிக்க வேண்டாம். மைதா கடைவாய்ப்பல் குழிகளில் ஒட்டிக்கொள்ளும், அதனால் தின்றதும் ஒரு வாய்த் தண்ணீரை அரை நிமிடம் அலசித் துப்பச் சொல்லுங்கள்.

இரவுத் துலக்கலுக்குத் தண்ணீர் பிரச்சினையே இல்லை. ஃபுளோரைடு பேஸ்ட்டால் தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்கவே கூடாது. கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் கால் டம்ளர், பிரஷ்ஷை நனைக்க மட்டும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். அட்டையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக, வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று இரண்டு நிமிடம். தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். காலைத் துலக்கலைவிட இரவுத் துலக்கலுக்கு நான் அதிகம் வற்புறுத்துவது அதற்காகத்தான். துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அம்மாவின் கரித்தூளை இன்றே நிறுத்துங்கள். கரியும் உப்புக்கல்லும் ஈறோரத்தில் பல்லை ஆப்பு வடிவில் அரித்துவிடும். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்கில் நரம்பு வரை போகும் நுண்குழாய்கள் இருக்கின்றன, குளிர் அதன் வழியாகத்தான் சுருக்கென்று ஏறுகிறது. பொட்டாசியம் நைட்ரேட் 5% உள்ள கூச்சத்துக்கான பேஸ்ட் வாங்குங்கள். ஃபுளோரைடும் சேர்ந்ததாக இருந்தால் நல்லது. இரண்டு வேளையும் அதையே பயன்படுத்தட்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலரும் ஐந்தாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குளிர் விலகியபிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்றாலோ, கடித்தால் வலித்தாலோ, இரவில் தானாக வலி எழுந்தாலோ அது வெறும் கூச்சமில்லை. நேரில் காட்ட வேண்டும்.

தோட்டத்து சுகாதாரப் பணியாளர்:
அப்பா வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுவாரென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்தப் பாருங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்றுதான் தோட்டங்களில் பழகுகிறார்கள். புகையிலை சேர்க்காத பாக்குகூடக் கன்னத்தின் உட்பகுதியை நார்போல இறுக்கி வாய் திறப்பதைக் குறைத்துவிடும். நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லையென்றாலோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

மனநலச் செவிலியர், ஊட்டி:
கடைசி டீக்கு டாக்டர் மூன்று மணி என்று சொன்னது தூக்கத்துக்கும் சரியாக வரும். டீயில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணி டீயில் பாதி, பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது வெளிச்சம். மூட்டம் போட்ட நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருக்கும். விளக்கு போட்ட அறையில் இருநூறு முந்நூறு இருந்தாலே அதிகம். இரவு பகல் எது என்று மூளை கணக்குப் பார்ப்பது இந்த வெளிச்சத்தை வைத்துத்தான். ஆகவே காலை ஒன்பதுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு திண்ணையிலோ வாசலிலோ அரை மணி நேரம் உட்காரட்டும். முதல் டீயை அங்கேயே கொடுங்கள். பகல் தூக்கம் அரை மணி, அதுவும் மூன்று மணிக்கு முன். மழை விட்ட நேரத்தில் நடை: வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஈரச் சரிவில் வழுக்கும், சமதளமான தார்ச்சாலை போதும். நடை முடியாத நாளில் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழட்டும்.

குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்போ கங்குச் சட்டியோ வைக்கிறீர்களா? காலையில் தலைவலி, மந்தம் என்றால் கார்பன் மோனாக்சைடாகவும் இருக்கலாம். உயிரையே எடுக்கும் வாயு அது. ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நம்பவும் கூடாது, தூங்கும் அறைக்குள் கங்கே வேண்டாம்.

பேச்சு குறைந்ததற்குக் காது மந்தம், தைராய்டு, பி12 குறைவு எல்லாமே காரணமாகலாம், ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பல்லும் இதில் சேர்த்திதான். மெல்ல முடியாதவர்கள் கீரை, பயறு, கேரட்டை ஒதுக்கிவிட்டு பன்னும் வர்க்கியுமாக முடித்துக்கொள்வார்கள், நாலு பேர் முன் வாய் திறக்கவும் கூசுவார்கள். காலையில் தாடை வலித்தால் தூக்கத்தில் பல் கடிக்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு குறைகிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் வாயை உலர வைக்கும். அப்போது அடிக்கடி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும், மிட்டாய் சப்பக் கூடாது.

கோத்தகிரி மகள்:
நன்றி டாக்டர், நன்றி அக்கா. பாக்கு பழக்கம் இல்லை. கங்குச் சட்டி அம்மா வைப்பார், இன்றோடு நிறுத்துகிறேன். இன்னொன்று: சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையோ தேனோ போட்டால் பல்லுக்குப் பரவாயில்லையா? நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா?

குன்னூர் பல் மருத்துவர்:
பல் கிருமிக்கு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். அளவை வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். எலுமிச்சை டீக்கு மாற்றிவிடாதீர்கள், அதில் அமிலம் நேராகவே இருக்கிறது. குடித்தாலும் அரை மணிக்குப் பிறகுதான் பிரஷ் பிடிக்க வேண்டும். நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் கொப்பளித்துத் துப்பலாம், தவறில்லை. ஆனால் அதில் ஃபுளோரைடு இல்லை, அதனால் பேஸ்ட்டுக்குப் பதிலாகாது. அப்பாவுக்குப் புரையேறும் வழக்கம் இருந்தால் வேண்டாம். பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பயந்து விட்டுவிடாமல் அந்த இடத்தை மென்மையாகத் தொடர்ந்து துலக்கட்டும். இரண்டு வாரத்தில் நிற்கவில்லையென்றால் பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுக்க வேண்டியிருக்கும், சர்க்கரை நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள்.